உறுதியில் பெயரில்லாதவர்கள்

மலையக இலக்கியத்தை ஒருவர் வரிசையாக எடுத்துப் படிப்பாராயின், லயத்தைப் பற்றி அவர் அறியாதது எதுவும் எஞ்சியிராது. புகை படிந்த தகரக் கூரை, அடுப்பும் தொட்டிலும் ஒன்றாய்க் கிடக்கும் காம்பரா, மாரிக்கு ஒழுகும் மூலை, பொதுப் பீலியடியின் சச்சரவு ஆகிய யாவும் எழுதப்பட்டுவிட்டன. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' முதலாக, கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', யோ. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' எனப் பல ஆக்கங்களை நாம் வகுப்பறையிலும் வெளியிலும் போற்றி வந்திருக்கிறோம். அவை போற்றத்தக்கவையே. ஆயினும் இவ்விலக்கியத்தின் மீது நமக்கு ஒரு குறை உண்டு. வீடற்றவன், சொந்தக்காரன் என்னும் தலைப்புகளே வீட்டையும் சொந்தத்தையும் பற்றிய வினாவை எழுப்புகின்றன. அவ்வினாவுக்கு விடை எழுதப்படும் இடத்துக்கு மட்டும் நமது எழுத்தாளர்கள் பெரும்பாலும் போவதில்லை. அந்த இடம் நொத்தாரிசின் மேசை.

துரையின் பங்களாவும் கங்காணியின் பிரம்பும் கதைக்கு வசதியானவை, கண்ணுக்குத் தெரிபவை. காணி உறுதியும் முத்திரைத் தீர்வையும் பதிவகத்துப் பேரேடும் வறண்ட சங்கதிகள். எனினும் ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தை வெளியே நிறுத்தி வைப்பது பிரம்பினால் மட்டும் நடந்த காரியமன்று. அதில் பெரும்பகுதி தாளினால் நடந்தது. அத்தாளைச் சற்றே படித்துப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களையும் மாணவர்களையும் அழைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உடனடிக் காரணமும் ஒன்றுண்டு. ஏழைகளுக்கு வீடும், ஊருக்கு வீதியும் வடிகாலும் அமைக்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, காணி கைமாறும்போது ஒரு கட்டணம் அறவிட்டு அதனைக் கொண்டு செய்யலாம் என்ற விடை இன்று உலகின் பல நகரங்களில் கூறப்படுகிறது. முற்போக்காளர்கள் இவ்விடையைக் கேட்டவுடன் தலையாட்டி விடுகிறார்கள். நாமும் அதனை ஆதரிப்பவர்களே. ஆனால் கண்டியில் நின்றுகொண்டு அதனைப் பரிசீலித்தால் வேறு சில உண்மைகள் தெரிகின்றன.

முதலில், இக்கட்டணம் நமக்குப் புதியதன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் காணி முதலிய ஆதனங்களின் கைமாற்று மீதான முத்திரைத் தீர்வையை மாகாண சபைகளுக்கு அளித்தது. மாகாணம் அறவிடும் இத்தீர்வை, காணி எந்த உள்ளூராட்சி மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த மன்றத்துக்கு உரியதாகிறது. வாங்குபவர் செலுத்துகிறார். பெறுமதியில் முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம். எஞ்சியதற்கு 4 வீதம்.

இரண்டு வீதங்கள் இருப்பதைக் காண்பவர், சிறியவனுக்குக் குறைவாகவும் பெரியவனுக்குக் கூடுதலாகவும் வரி விதிக்கும் நீதி இதில் அடங்கியிருப்பதாக எண்ணக்கூடும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து இலட்சம் ரூபாவுக்கு ஒரு துண்டுக் காணி வாங்கும் குடும்பம் 39,000 ரூபா செலுத்துகிறது, அதாவது 3.9 வீதம். பத்துக் கோடி ரூபாவுக்கு ஏரிக்கரை மேட்டில் ஹோட்டல் கட்ட இடம் வாங்கும் முதலாளி 39 இலட்சத்து 99 ஆயிரம் செலுத்துகிறார். அதாவது ஏறத்தாழ 4 வீதம். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பத்தில் ஒரு வீதம்! ஓர் இலட்சம் என்ற எல்லைக்கோடு வகுக்கப்பட்ட காலத்தில் அதற்கு ஏதேனும் பொருள் இருந்திருக்கலாம். இன்று கண்டி நகர எல்லைக்குள் அந்த விலைக்கு ஒரு பேர்ச் காணிகூடக் கிடையாது. பண வீக்கம் அந்த நீதியைத் தின்று தீர்த்துவிட்டது. சட்டத்தின் உருவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இரண்டாவதாக, இப்பணம் மன்றத்தின் பொது நிதியில் கலந்துவிடுகிறது. வீட்டுக்கென்று ஒதுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்டி மாநகர சபை 1865இல் தோன்றிய பழைய சபை. அதன் வீதிகளைக் கூட்டியும் கான்களைத் துப்புரவாக்கியும் தலைமுறை தலைமுறையாக உழைத்த தொழிலாளரின் பிள்ளைகள் இன்றும் மஹியாவையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். நகரத்துக் காணி ஒவ்வொரு முறை விலைபோகும் போதும் சபைக்குப் பணம் வருகிறது. நகரத்தைக் காணி வாங்கத்தக்க இடமாக வைத்திருக்கும் கைகளுக்கு அப்பணத்திலிருந்து ஒரு சுவராவது எழும்பவேண்டும் என்று கேட்பது மிகையாகுமா?

நிலத்தின் விலையேற்றம் அதன் சொந்தக்காரன் தூங்கும்போதும் நிகழ்வது என்பதை மில் போன்ற தாராளவாதப் பொருளியலாளரே ஒப்புக்கொண்டனர். அதற்கு மார்க்ஸ் வரை போகவேண்டியதில்லை. கண்டி நிலத்தின் விலையை உயர்த்தியது எது? 1867இல் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த இருப்புப்பாதை கோப்பியை இறக்குவதற்காகப் போடப்பட்டது. அதே ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். பாதையும் வீதியும் வணிகமும் வங்கியும் அந்த மலைகளின் விளைச்சலைச் சுற்றியே வளர்ந்தன. ஹந்தானை மேட்டு லயங்களில் வாழ்பவர்கள் இரவில் நகரத்தின் விளக்குகளைக் காண்கிறார்கள். அவர்களது பாட்டன்மார் இல்லாமல் அவ்விளக்குகள் இல்லை. ஹந்தானையின் பழைய தேயிலைத் தொழிற்சாலை அருங்காட்சியகமாகிவிட்டது. லயங்களில் மட்டும் இன்னும் மனிதர் குடியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு அவை ஏற்றனவென்று எவரும் கருதவில்லை போலும்!

இம்மக்கள் உறுதிக்கு வெளியே நின்றது எப்படி என்பதை அறிய 1840ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அவ்வாண்டில் வெள்ளையராட்சி இரு கட்டளைச் சட்டங்களைப் பிறப்பித்தது. 7ஆம் இலக்கச் சட்டம் மோசடித் தடுப்புச் சட்டம் எனப்பட்டது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையொப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாது என்றது அது. 12ஆம் இலக்கச் சட்டம் முடிக்குரிய காணிகளில் அத்துமீறுதலைத் தடுக்க வந்தது. கண்டிக் கிராமத்தவர் சேனைப்பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும், எதிர்மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி முடிக்கே சொந்தம் என்றது. ஒரு சட்டம் தாளைக் கேட்டது. மற்றது தாளில்லாதவனின் நிலத்தை எடுத்தது. எடுத்த நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1844இல் அடிப்படை விலை ஒரு பவுணாயிற்று. அந்நிலத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தாளும் இல்லை, நிலமும் இல்லை. சிங்களக் கிராமத்தவனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பேனாவினால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதை நாம் வகுப்பில் அழுத்திச் சொல்லவேண்டும். பின்னாளில் இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்கிய அரசியல், இந்த ஆண்டை மறக்கச் செய்வதில் வெற்றிபெற்றது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். தீர்வை எங்கே பிறக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காணி உறுதிமூலம் கைமாறினால் மட்டுமே அது பிறக்கிறது. கண்டியைச் சூழ்ந்த பன்வில, தெல்தோட்டை, உடபலாத்த, பஸ்பாகே கோறளைப் பகுதிகளைப் பாருங்கள். பெரும் பரப்புகள் தோட்டங்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992 முதல் அவற்றுட் பல தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. பின்னர் நீண்டகாலக் குத்தகையாயின. சில இன்னும் அரச நிறுவனங்களிடமே உள்ளன. குத்தகைக்குரிய முத்திரைத் தீர்வை மத்திய அரசுக்குப் போகிறது. கம்பனியின் பங்குகளோ கொழும்புப் பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. ஆயிரக்கணக்கான ஏக்கர் மலை இன்று ஒரு முதலாளியின் பிடியிலிருந்து நாளை இன்னொருவரின் பிடிக்குப் போகலாம். பன்வில பிரதேச சபைக்கு அதனால் ஒரு சதமும் வராது. அதே பன்விலையில் ஒரு சிறு கடைக்காரர் பத்துப் பேர்ச் வாங்கினால் நொத்தாரிசு கணக்குப் பார்த்துத் தீர்வையை வாங்கிவிடுவார்.

இதன் விளைவு எளிதாக ஊகிக்கத்தக்கது. உறுதிகள் நாள்தோறும் எழுதப்படும் நகரச் சபை வளர்கிறது. தோட்டக் காணியை மிகுதியாகக் கொண்ட பிரதேச சபை வறுமையில் கிடக்கிறது. எங்கே லயங்கள் மிகுதியோ அங்கே தீர்வை குறைவு. இதற்கு மேலாக, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தொழிலாளர் வாக்களித்தார்கள், உறுப்பினரைத் தெரிவுசெய்தார்கள், அவ்வுறுப்பினர் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டி கல்லைக் கொட்ட முடியாதிருந்தார். 2018இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பதாண்டுகள் தாமதமாக வந்த நீதி அது. வந்தபோது செலவிடும் அதிகாரம் வந்தது. செலவிடப் பணம் வரவில்லை.

கைமாற்று வரி இம்மக்களுக்குப் பயனளிக்கவில்லை என்று மட்டும் கூறி நிறுத்தினால் வரலாற்றைப் பாதியே சொன்னவர்களாவோம். ஒரு காலத்தில் அவ்வரி அவர்களுக்கெதிரான மதிலாகவும் இருந்தது. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், இலங்கைப் பிரசையல்லாத ஒருவருக்கு ஆதனம் கைமாறுமாயின் அவ்வாதனத்தின் பெறுமதிக்குச் சமமான தொகையை வரியாகச் செலுத்தவேண்டும் என விதித்தது. நூற்றுக்கு நூறு! அந்நியர் இந்நாட்டு நிலத்தை வளைத்துப்போடுவதைத் தடுக்கும் தேசியச் சட்டமாக அது தோற்றமளித்தது. சில விலக்குகளும் இருந்தன. எனினும் அந்த ஆண்டில் பிரசையல்லாதவர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர்களே அவர்களுட் பெருந்தொகையினர். அடுத்த ஆண்டு சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது பேசப்பட்ட தொகை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம். கண்டி வீதியில் சிறு கடை நடத்தியவரும், அரைவயிறு உண்டு பணம் சேர்த்துக் கிராமத்தோரம் பத்துப் பேர்ச் வாங்க நினைத்த தொழிலாளியும் இந்த வரியின் வாசகத்தின்படி இலண்டன் கம்பனிக்காரனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். இலண்டன் கம்பனியோ 1963க்கு வெகு முன்னரே, ஷில்லிங் விலையில், வாங்க வேண்டியதை வாங்கி முடித்திருந்தது.

இச்சட்டத்தைப் பற்றி நமது கதைகளில் ஒரு வரியேனும் நாம் கண்டதில்லை. பிரசாவுரிமைப் பறிப்பைப் பற்றிக் கண்ணீரும் கோபமும் ததும்ப எழுதிய நாம், அப்பறிப்பு ஒரு மனிதன் காணி வாங்கப் போகும்போது எவ்வாறு ரூபாக் கணக்காக மாறுகிறது என்பதை எழுதவில்லை. யதார்த்தவாதம் என்று நாம் சொல்லிக்கொள்வது கூரையின் ஓட்டையோடு நின்றுவிட்டது.

இடதுசாரி இயக்கமும் இதற்கு விலக்கன்று. 1973இல் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது வந்த வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம் நகரத்து வாடகைக் குடியிருப்பாளர் பலரைச் சொந்தக்காரராக்கிற்று. அதன் பெருமையை நாம் குறைக்கமாட்டோம். ஆனால் லயத்துக் காம்பராவை அது தொடவில்லை. காம்பரா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும் என்பதே தோட்டத்தின் விதியாயிருந்தது.

பிற நாட்டு அனுபவங்கள் என்ன கூறுகின்றன? 1923இல் சோஷலிஸ்டுகளின் கையிலிருந்த வியன்னா மாநகர சபை வீடமைப்பு வரி ஒன்றை விதித்தது. அது கைமாற்று வரியன்று, குடியிருப்பின் மீதான வரி. ஆயினும் நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. தொழிலாளியின் சிறு வீட்டுக்கு அற்பத்தொகை. மாளிகைக்கு மிக உயர்ந்த வீதம். வந்த பணம் வீடு கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1934இல் பாசிசம் அச்சபையைக் கவிழ்ப்பதற்குள் ஏறத்தாழ 60,000 வீடுகள் எழும்பிவிட்டன. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகர மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து, 50 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஆதன விற்பனைக்கு 4 வீதமும் ஒரு கோடி டொலருக்கு மேற்பட்டதற்கு 5.5 வீதமும் அறவிட்டு ஏழைகளின் வீட்டுக்குச் செலவிட முடிவுசெய்தனர். 2023 ஏப்ரல் 1ஆந் திகதி அது நடைமுறைக்கு வருமுன் செல்வர்கள் முண்டியடித்து விற்றனர். பின்னர் பெரும் விற்பனைகள் குறைந்தன. எதிர்பார்த்த பணம் முழுவதும் வரவில்லை. தமிழ்நாட்டிலும் முத்திரைத் தீர்வையோடு 2 வீத மேல்வரி உள்ளாட்சி மன்றங்களுக்கென்று அறவிடப்படுகிறது.

லொஸ் ஏஞ்சலிஸைக் காட்டி, இத்தகைய வரி வேண்டாம் என்பார் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மையும் இருக்கிறது. கைமாறும் கணத்தில் மட்டும் பிறக்கும் வருமானம் நிலையற்றது. சந்தை உறங்கினால் அதுவும் உறங்கும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்ததைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேலும், விலையைக் குறைத்து உறுதி எழுதும் பழக்கத்தை அறியாதவர் இங்கு யார்? வெளியே ஒரு விலை, தாளில் ஒரு விலை. வீதத்தை உயர்த்தினால் பொய்யின் உயரமும் உயரும். ஆகவே வீதத்தை எல்லோருக்கும் ஒரேயடியாகக் கூட்டு என்ற கோரிக்கையை நாம் ஏற்கமாட்டோம். முதன்முதலில் தலைசாய்க்க ஒரு சிறு வீடோ காணியோ வாங்குபவருக்குத் தீர்வையே வேண்டாம். பெரும் பெறுமதிக்குப் படிப்படியாக உயரட்டும். காணியை உறுதியின்றிப் பங்குகளின் மூலம் கைமாற்றும் கம்பனியும் அதே வலைக்குள் வரட்டும். வரும் பணத்தில் குறித்த ஒரு பங்கு, மாகாணம் முழுவதற்குமான வீட்டு நிதியாக, லயங்கள் மிகுந்த பிரதேச சபைகளுக்குப் போகட்டும். நகரத்துப் பணம் நகரத்துக்கே என்போருக்கு 1867ஐ நினைவூட்டினால் போதும்.

இவற்றை நிறைவேற்றும் நியதிச் சட்டத்தை இயற்றவேண்டியது மத்திய மாகாண சபை. 2013இல் தெரிவான அச்சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் மக்கள் பிரதிநிதி எவருமின்றி ஆளுநரின் கையில் கிடந்தது. வரியை மாற்றும் அதிகாரம் மக்களிடம் இருப்பதாகச் சட்டம் சொல்கிறது. அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது.

இதற்கிடையில் மழை காத்திருப்பதில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. சரிவில் வீடு வேண்டாம், பாதுகாப்பான நிலத்துக்குப் போ என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். எந்த நிலத்துக்கு என்று கேட்க, முதலில் ஏதேனும் ஒரு நிலத்தின் மீது பெயர் இருக்கவேண்டும். பாடசாலையில் ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பங்களை நிரப்பும்போது ஆசிரியர்களாகிய நாம் இதனை ஒவ்வொரு முறையும் காண்கிறோம். நகரத்துப் பிள்ளை இலக்கமும் வீதியும் எழுதுகிறது. தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதிவிட்டு, இலக்கத்துக்குரிய கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறது.

சில குடும்பங்களுக்கு இந்நிலை மாறத் தொடங்கியிருக்கிறது என்பதையும் மறுக்கக்கூடாது. கடந்த பத்தாண்டுகளில் ஏழு பேர்ச் காணியோடு தனி வீடுகள் சில ஆயிரம் கட்டப்பட்டன. இந்திய உதவியின் கீழ் 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. வீட்டோடு உறுதியும் கைக்கு வருமாயின், இம்மக்கள் இருநூறு ஆண்டுகளில் முதன்முறையாக நொத்தாரிசின் மேசைக்கு முன் அமர்வார்கள். அங்கே அவர்களுக்காக எது காத்திருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. தாய் தன் ஏழு பேர்ச்சை மகளுக்கு நன்கொடையாக எழுத விரும்புகிறாள் என வைத்துக்கொள்வோம். நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 2 வீதமும் தீர்வை. வீடும் காணியும் பத்து இலட்சம் பெறுமென்றால் 20,500 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி அது பதினைந்து நாட் கொழுந்துக்கு மேல். நொத்தாரிசின் கூலி வேறு. அத்தீர்வையை இத்தகைய காணிகளுக்கு முற்றாக நீக்குமாறு நமது ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இப்போதே கேட்கவேண்டும். முதல் உறுதி எழுதப்பட்ட பின்னர் கேட்டால், வழக்கமாகிவிட்டது என்று பதில் வரும்.